தொட்டிக்கரிக்குத் தண்ணீர் ஊற்றலாமா?

காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரக் கொப்பரைக் களங்களில் குவியும் தேங்காய்த் தொட்டி விலை போகும் பொருளாகும். அதைச் சுட்டுக் கரியாக்கினால் மதிப்பு மேலும் கூடும். குடிநீரைத் தூய்மை செய்யவும், தங்கத்தைப் பிரித்தெடுக்கவும் பயன்படும் ஆக்டிவேட்டட் கார்பன் இக்கரியிலிருந்து தயாராகிறது.

ஆனால், குழியில் கொட்டி எரித்துத் தண்ணீர் ஊற்றி அணைக்கும் முறை கைவிடப்பட வேண்டிய ஒன்றாகும். தொட்டி கரியாகும்போது உண்டாகும் தாரும் பீனால் வகைப் பொருள்களும் அணைத்த நீரோடு மண்ணில் இறங்குகின்றன. கிணற்று நீர் நிறம் மாறிவிட்டதென இவ்வட்டார மக்கள் பலமுறை முறையிட்டுள்ளனர். கரி விற்ற காசைக் கொண்டு கெட்ட கிணற்றை மீட்க இயலாது.

தண்ணீர் இன்றியே கரியை அணைக்கலாம். இதற்கு 200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்று போதும். பூச்சிமருந்து இருந்த டிரம் ஆகாது. பக்கவாட்டில் அடி, நடு, மேல் என மூன்று வரிசையாகத் துளைகள் இட வேண்டும். நன்கு காய்ந்த, நார் நீக்கிய தொட்டியைச் சிறிது இட்டுத் தீ மூட்டி, பற்றியதும் படிப்படியாக நிரப்ப வேண்டும். முதலில் அடித்துளைகள் மட்டும் திறந்திருக்க வேண்டும். அவ்வழியே செந்தணல் தெரிந்ததும் களிமண்ணால் அடைத்து, அடுத்த வரிசையைத் திறக்க வேண்டும். புகை மெலிந்து நீலநிறமானதும் எல்லாத் துளைகளையும் அடைத்து, மூடியைச் சுற்றி மண் பூசினால் தணல் தானே அவியும். முழுதும் ஆறிய பின், மறுநாள் திறப்பது நலம்.

இம்முறையிலும் புகை உண்டு. ஆகவே குடியிருப்புகளை விட்டுத் தள்ளியே சுட வேண்டும். 100 கிலோ தொட்டிக்கு 25 முதல் 30 கிலோ வரை கரி கிடைக்கும். உடைத்த இடத்தில் பளபளப்பும், தரையில் போட்டால் உலோக ஓசையும் தருவதே நல்ல கரி. புதுக்கரி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். எனவே ஒரு நாள் வெளியில் ஆறப்போட்ட பிறகே மூட்டை கட்ட வேண்டும்.

கரி சுடும்போது காற்றை அடைக்க வேண்டும்; அடுப்பில் இடும்போதோ தாராளமாகக் காற்று வேண்டும். கரியடுப்பு புகைவதில்லை, ஆகவே தீங்கில்லை என்று எண்ணுவது பெருந்தவறு. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு, சாம்பல் பூத்த தணலிலிருந்தும் வெளிவரும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இருவர் உயிரிழந்தனர். குளிருக்காகவோ கொசுவுக்காகவோ தணலை வீட்டினுள் வைத்துக் கதவடைத்தல் கூடாது. தலைவலி, மயக்கம் கண்டவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையமும் வேளாண்மை அறிவியல் நிலையங்களும் டிரம் முறையைக் களங்களிலேயே செய்து காட்டலாம். தண்ணீர் ஊற்றி அணைக்கும் கரிச்சாலைகளுக்கு உரிமம் மறுக்கப்பட வேண்டும். தென்னை வாழக் கிணறு வேண்டும் என்பதைத் தொட்டி விற்போரும் கரி சுடுவோரும் மறவாதிருத்தல் நலம்.