மாமனார் நிற்கிற இடம்

ஸ்குவாஷ் என்றதும் ஆரஞ்சு ஸ்குவாஷ் ஞாபகத்துக்கு வருகிறவர்கள் கை தூக்கவும். நானும் உங்கள் கட்சிதான், சென்னையில் மாமனார் என் கையில் ராக்கெட்டைக் கொடுக்கும் வரை.

அவருக்கு வயது 61. தொந்தி உண்டு. எனக்கு முப்பத்தைந்து. வயசானவரை ஓட விடுகிறோமே என்று உள்ளூரப் பாவமாகக்கூட இருந்தது. 11-1, 11-0, 11-2. அந்த மூன்று பாயிண்ட்டும் அவர் போட்ட பிச்சை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே என் ஒன்பது வயசு மகன் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துத் தொலைத்துவிட்டான்.

காரைக்குடிக்குத் திரும்பும்போது பல்லவனில் கேட்டான்: "ஏம்ப்பா, தாத்தா நடுவுலயே நின்னுக்கிட்டு இருந்தாரு. நீ மட்டும் ஏன் நாலு மூலைக்கும் ஓடிக்கிட்டே இருந்தே?"

விழுப்புரம் வரை யோசித்தேன். பயல் சொன்னதுதான் முழு விளையாட்டுமே.

கோர்ட்டின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4. தரையில் 'டி' எழுத்து மாதிரி சிவப்புக் கோடுகள் சேருகிற இடம் ஒன்று உண்டு. அங்கே நிற்பவன் முதலாளி, மற்றவன் எடுபிடி. நான் என்ன செய்தேன்? முன் சுவரின் அடியில் இருக்கும் 48 சென்டிமீட்டர் தகரத்துக்குச் சற்று மேலே, வீராவேசமாக அறைந்தேன். சத்தம் பிரமாதம். பந்து மட்டும் நேராக மாமனார் காலடிக்குப் போய், "என்ன செய்யட்டும், சொல்லுங்க" என்று நின்றது.

உயரமாக அடிக்க வேண்டும். முன் சுவரில் 1.78 மீட்டரில் இருக்கிற சர்வீஸ் கோட்டுக்கு மேலே. அப்போதுதான் பந்து பின் மூலைக்குப் போய், பக்கச் சுவரை ஒட்டிச் சாகும். எதிராளி அதைத் தோண்டி எடுக்கிற நேரத்தில் நாம் ஓடிப்போய் 'டி'யைப் பிடித்துவிடலாம். அடித்த அழகை நின்று ரசிக்கக் கூடாது. (நான் ரசித்தேன்.)

பி.காம். பாஷையில் சொன்னால், பின் மூலைக்கு அடிப்பது முதல் போடுவது. எதிராளி தடுமாறிக் குட்டையாக ஒன்று திருப்புவான் பாருங்கள், அப்போது முன்னால் மெதுவாக ஒரு டிராப், அது வட்டி. முதல் போடாமலே வட்டி கேட்டால் தகரம்தான் சத்தம் போடும். நம் செட்டியார்கள் லேவாதேவி செய்த பினாங்கில் பிறந்த நிக்கோல் டேவிட் எட்டு முறை உலகச் சாம்பியன். அவரது ஆட்டத்தில் பொறுமையைப் பார்க்க வேண்டும்! 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், இரட்டையர் தங்கம் வாங்கிய நம் சென்னைப் பெண்கள் ஜோஷ்னா, தீபிகா ஆட்டமும் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

பயிற்சிக்கு எங்கே போவது? எங்கள் வீட்டு வளவுச் சுவர் இருக்கிறதே! முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்தது, முகம் பார்க்கலாம். சென்னையிலிருந்து கொண்டுவந்த பழைய பந்தை, இரண்டு நாள் அடித்தேன். மூன்றாம் நாள் ஆத்தா வந்து நின்றார்.

"ஏண்டா, சுவத்துக்கு அம்மையா போட்டிருக்கு?"

அத்தனையும் கறுப்புப் புள்ளி. துடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ஆனால் அந்தப் புள்ளிகள் எனக்கு உண்மையைச் சொல்லிவிட்டன: முக்கால்வாசியும் என் இடுப்பு உயரம்! அதன்பின் பயிற்சி, கொல்லைச் சுவரில், கரியால் கோடு கிழித்து.

பொங்கலுக்கு மறுபடி சென்னை. முதல் இரண்டு ஆட்டமும் போச்சு. மூன்றாவதில் உயரம், மூலை, 'டி'. உயரம், மூலை, 'டி' என்று முனகிக்கொண்டே ஆடினேன். 9-9. மாமனார் பின் மூலையில் முட்டி போட்டு ஒன்றை எடுத்தார். குட்டையாக வந்தது. மெதுவாக முன்னால் வைத்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பயல் கத்தினான்: "அப்பா, தாத்தா ஓடுறாரு!"