ஓ ஸ்த்ரீ, ரேபு ரா!

ராமச்சந்திராபுரத்துக்குக் குடிவந்த புதுசுல, பெல் டவுன்ஷிப்ல இருந்த திருச்சிக்கார மாமா ஒருத்தர் சொன்ன கதை. இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல வீட்டுச் சுவத்துல "ஓ ஸ்த்ரீ, ரேபு ரா"ன்னு எழுதி வெப்பாங்களாம். ராத்திரி கதவு தட்ட வர்ற பேய் அதைப் படிச்சுட்டு, 'சரி, நாளைக்கு வரலாம்'னு போயிடுமாம். மறுநாளும் அதே கதை.

சிரிக்காதீங்க. மெயில் சர்வரும் அந்தப் பேய் மாதிரிதான். எதிர்முனை சொல்ற எண் 5-ல ஆரம்பிச்சா "வராதே"ன்னு அர்த்தம். 4-ல ஆரம்பிச்சா "ரேபு ரா". க்யூவுல வெச்சிருந்து மறுபடி மறுபடி போய்த் தட்டணும். எவ்வளவு நாளைக்கு? 2008-ல வந்த ஆர்.எஃப்.சி. 5321, குறைஞ்சது நாலஞ்சு நாள்ங்குது. போஸ்ட்ஃபிக்ஸ்ல நாம எதுவும் மாத்தலைன்னா 5 நாள்.

நான் செஞ்ச கூத்தைக் கேளுங்க. டெஸ்ட் பண்றப்ப 5 நாள் காத்திருக்க முடியுமா? 10 நிமிஷம்னு மாத்தினேன். வேலை முடிஞ்சுது. அந்த ஃபைலை அப்படியே நிஜ சர்வருக்கும் காப்பி பண்ணிட்டேன். ஒரு வாரம் கழிச்சு, ஒரு கல்லூரியோட சர்வர் கரண்ட் இல்லாம ரெண்டு மணி நேரம் படுத்துது. அங்க போக வேண்டிய இன்டர்வியூ கடிதம் பத்தே நிமிஷத்துல திரும்பிடுச்சு. அது வந்து விழுந்த பெட்டியை யாரும் திறந்து பாக்கறதில்லை. நம்ம ஊர்ப் பையன் ஒருத்தனுக்குக் கடிதம் போட்ட விஷயமே தெரியாது. தெரிஞ்சப்ப இடம் நிரம்பிடுச்சு. அவங்கப்பா போன்ல "பரவால்ல தம்பி"ன்னார். திட்டியிருந்தா அன்னிக்குத் தூங்கியிருப்பேன்.

அதனால என் கட்சி இதுதான். டெஸ்டுக்குத் தனி மெஷின், தனி ஃபைல். விலாசங்களுக்கு 'டாட் டெஸ்ட்'டே போதும். 1999-லயே சோதனைக்குன்னு ஒதுக்கி வெச்சுட்டாங்க. டிரான்ஸ்போர்ட் மேப்ல அதை மட்டும் உள்ளூர்ப் பெட்டிக்குத் திருப்பிட்டு, மத்த எல்லாத்துக்கும் 'எர்ரர்'னு போடுங்க. தப்பித் தவறிக்கூட ஒரு மெயில் வெளிய போகாது. நேரத்தை அங்க எவ்வளவு வேணா சுருக்கிக்கோங்க.

"இந்தக் காலத்துல 5 நாள் எதுக்கு? ஒரு மணி நேரத்துல திருப்பி அனுப்பு"ன்னு எங்க ஆபீஸ்லயே சொல்றாங்க. ஓ.டி.பி.க்கு அது சரி. ஒருத்தனோட வேலைக் கடிதத்துக்குச் சரியில்லை. அனுப்பினவருக்குச் சீக்கிரம் தெரியணும்னா, தாமத எச்சரிக்கைன்னு தனி செட்டிங் இருக்கு. 4 மணி நேரம்னு வைங்க. அவருக்கும் சேதி போயிடும், மெயிலும் க்யூவுல இருக்கும்.

ஊரை விட்டு வந்து கடிதத்துக்காகக் காத்திருந்தவங்கதானே நாமெல்லாம்? அந்தப் பேய்க்கு இருக்கற பொறுமை நம்ம சர்வருக்கும் இருக்கட்டுமே.