வீடு பார்க்கப் போகிறீர்களா? இஞ்ச் டேப்போடு போங்கள்!

பார்சல் ஆபீசில் எடை போடாமல் ஒரு மூட்டையையும் நாம் ஏற்றுவதில்லை. எவ்வளவு பெரிய மனிதர் கொண்டுவந்தாலும் தராசில் வைத்த பிறகுதான் ரசீது. அப்படிப்பட்ட நாம், பி.எஃப். பணத்தையும் பாங்குக் கடனையும் வீட்டுக்காரியின் சங்கிலியையும் கொட்டி வாங்குகிற வீட்டை மட்டும் அளந்து பார்க்காமலே வாங்குகிறோமே, இது என்ன நியாயம்?

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் பத்துக்குப் பத்து அறையில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் நாம். குவார்ட்டர்ஸில் இருப்பவரோ ரிட்டையரானால் சாவியை ஒப்படைத்தாக வேண்டும். இந்தப் பயம் நம்மைவிட பில்டருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கல்யாணைத் தாண்டி அம்பர்நாத், பத்லாப்பூர் வரை "முதல் வீடு வாங்குவோருக்காகவே" என்று போர்டு போர்டாக நிற்கிறது.

அப்படி ஓரிடத்துக்கு நாங்கள் நால்வர் போனோம். "ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்" என்றது போர்டு. நடந்தோம், 25 நிமிடம் ஆயிற்று. மாதிரி வீடு பளபளவென்று இருந்தது. உள் அறைகளுக்குக் கதவே இல்லை. கதவு போட்டால் அது திறக்க இடம் வேண்டுமே! கட்டிலில் எங்களில் ஒருவர் படுத்துப் பார்த்தார், கால் வெளியே நீண்டது. சுவர் நெடுகக் கண்ணாடி வைத்து அறையை இரட்டிப்பாக்கியிருந்தார்கள். அடுப்படியிலோ கிரைண்டர் வைக்க இடமில்லை, அரிசி டின் வைக்க இடமில்லை. இந்த வீட்டை வரைந்தவர்கள் அதில் சமைக்கப் போகிறவளை ஒரு வார்த்தை கேட்டார்களா? விற்கப் போகிறவனைக் கேட்டல்லவா வரைந்திருக்கிறார்கள்!

"650 சதுர அடி" என்றார் விற்பனைக்கு நின்ற தம்பி. கார்ப்பெட் எவ்வளவு என்றோம். சிரித்தார். விடாமல் கேட்டதும் 420 என்றார். மீதி 230 அடி எங்கே? மாடிப்படியிலும் லிஃப்டிலும் வராந்தாவிலும் இருக்கிறதாம். அந்தத் தம்பிமேல் நமக்குக் கோபமில்லை, அவரும் கமிஷனுக்கு வெயிலில் நிற்கிறவர். அவர் வாயில் 650-ஐ வைத்தவர்கள்மேல்தான் கோபம்.

தோழர்களே, 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் வந்துவிட்டது. வெளிச்சுவரும் பால்கனியும் சேராத, உள்சுவர் சேர்ந்த பரப்புதான் கார்ப்பெட் அளவு என்று அது வரையறுத்திருக்கிறது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குவோர் கொடுத்த பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருந்து, நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவாக வேண்டும். இவற்றைவிடக் கூர்மையானது 12-ஆம் பிரிவு. விளம்பரத்தில் சொன்னதோ மாதிரி வீட்டில் காட்டியதோ பொய்யாகி, அதை நம்பியவர் நஷ்டப்பட்டால் ஈடு தர வேண்டும். அவர் வீடே வேண்டாம் என்றால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும். ஆகவே மாதிரி வீடு வெறும் வேடிக்கைப் பொருள் அல்ல, அது சாட்சி! அதை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், விளம்பரத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

"இப்படி நோண்டினால் வீடே கிடைக்காது, விலை ஏறிவிடும், இன்றே டோக்கன் கொடுத்துவிடுவோம்" என்பார்கள் நம்மவர்களே. விலை ஏறலாம், மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு 20 ஆண்டுத் தவணையில் ஒரு மாதத்தையாவது பில்டர் கட்டுவாரா? அவசரம் அவருடையது, கடன் நம்முடையது.

சட்டம் இருக்கிறதென்று தூங்கிவிடவும் கூடாது. அடுப்படியில் கிரைண்டர் வைக்க இடம் விடு என்று எந்தச் சட்டமும் சொல்லாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும், அதுவும் கட்டடம் எழும்புவதற்கு முன்பே, வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, வீட்டுப் பெண்களை முன்னே நிறுத்திச் சொல்ல வேண்டும். தனியாகப் போனால் டீ கொடுத்து டோக்கன் வாங்கிவிடுவார்கள். பத்துக் குடும்பம் சேர்ந்து போனால் கணக்குச் சொல்லியே தீர வேண்டும்.

ஊரைவிட்டு வந்து நாம் கட்டிய சங்கம் பொங்கல் விழாவுக்கு மட்டுமா? வீடு பார்க்கப் போகிறவர் சங்கத்துக்குச் சொல்லுங்கள். நாங்கள் டேப்போடு வருகிறோம்!