மயிற்கொன்றை சொல்லும் கதை

“செடியை வரைபவருக்கு அதன் அழகு போதாதா? அதன் வாழ்க்கை வரலாறு எதற்கு?” என்று கேட்போர் நம்மிடையே உண்டு. வேரும் விதையும் தாவரவியலாருக்கு, நிறமும் வடிவமும் ஓவியருக்கு என்று அவர்கள் பங்கு பிரிக்கின்றனர். இப்பங்கீட்டை நாம் ஏற்பதற்கில்லை.

நம் கோயில் வளாகங்களிலும் பள்ளி முற்றங்களிலும் ஆளுயரம் வளர்ந்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மயிற்கொன்றையையே எடுத்துக்கொள்வோம். மரியா சிபில்லா மேரியன் என்னும் ஜெர்மானிய ஓவியர் 1699-இல், தம் 52-ஆம் வயதில், இளைய மகளுடன் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். அந்நாளில் அது டச்சுக்காரரின் கரும்புத் தோட்டங்கள் நிறைந்த குடியேற்ற நாடு. அங்குக் கண்டவற்றை 60 ஓவியங்களாக்கி, 1705-இல் ஆம்ஸ்டர்டாமில் நூலாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்று மயிற்கொன்றை. உடன் ஒரு புழுவும் அந்துப்பூச்சியும்.

ஆனால் அவர் ஓவியத்தோடு நின்றுவிடவில்லை. டச்சு எசமானர்களின் கொடுமைக்குள்ளான பூர்வகுடிப் பெண்கள், தம் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாதென்று இச்செடியின் விதையைக் கொண்டு கருவைக் கலைத்தனர் என எழுதினார். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் துயரத்தையும் சேர்த்தே எழுதினார். அவர்களே தம்மிடம் கூறியது இது என்றும் குறித்துவைத்தார்.

கருவிலிருக்கும் உயிரைப் போற்றும் நம் நெஞ்சு இங்கே நடுங்குகிறது. நடுங்கட்டும். ஆனால் அப்பெண்கள்மீது கல்லெடுக்குமுன், அடிமைத்தாயின் குழந்தையைப் பிறக்கும்போதே தம் உடைமையாக்கிக்கொண்டவர்கள் பக்கம் நம் கண்கள் திரும்பவேண்டாமா? தாய்மையையே அச்சத்திற்குரியதாக்கியவர்கள் அவர்களன்றோ! 1863 வரை அங்கு அடிமைமுறை சட்டத்தின் துணையோடு நீடித்தது.

மேரியனும் குற்றமற்றவரல்லர், காட்டில் அவருக்கு வழி வெட்டியோர் அடிமைகளே. எனினும் அவர்கள் சொன்னதைக் கேட்டார், மறைக்காமல் எழுதினார். அறிவியலார் இச்செடிக்கு வழங்கிய பழம்பெயரோ ‘பொயின்சியானா’. கரீபியத் தீவுகளை ஆண்ட பிரெஞ்சு ஆளுநர் ஒருவரின் நினைவாக இடப்பட்ட பெயர். ஆளுநர் நினைக்கப்பட்டார். விதையைத் தேடிய பெண்களுள் ஒருவர் பெயரையும் மேரியனின் நூல் நமக்குத் தரவில்லை.

அந்தச் சில வரிகள் இல்லையெனில், மேரியனின் மயிற்கொன்றை செல்வர் வீட்டுச் சுவருக்கேற்ற அழகிய படம் மட்டுமே. எனவே செடியின் வரலாற்றைத் தேடுவது கலைக்குப் புறம்பான வேலையன்று, கலைஞரின் கடமை. தூரிகையைத் தொடுமுன், இச்செடி எங்கிருந்து வந்தது, யாருடைய கண்ணீரை அறிந்தது என்று நம் இளைய ஓவியர்கள் கேட்கட்டும். கேட்கக் கற்றுத்தருவது நம் பொறுப்பு.