டேப்பட் சத்தமும் என் அவசரப் புத்தியும்

நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் ஒரு பழைய கார் நிற்கிறது. விற்க மனம் வராது, ஓட்டினால் செலவு. அந்தக் காருக்கு இன்ஜின் வேலை செய்து எடுத்து வந்த பிறகு "டக் டக்" என்று சத்தம் கேட்டால், முதலில் மெக்கானிக்கைத் திட்டுவோம். அடுத்து டேப்பட் செட்டையே மாற்றச் சொல்லுவோம். இரண்டும் தவறு என்பது என் கருத்து. முதல் தவறை முழுதாகச் செய்து, இரண்டாவதின் வாசல் வரை போய் வந்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஓப்பல் கோர்சா. ஓய்வு பெற்ற பிறகு பழையதாக வாங்கியது. போன வருடம் ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியதைக் கவனிக்காமல் ஓட்டிவிட்டேன். ஹெட்டை இறக்கி, ரீபோர் செய்து, புது டேப்பட் எட்டும் போட வேண்டியதாயிற்று. முதலியார்பேட்டைப் பக்கம் முப்பது வருடமாகப் பழக்கமான ஒரு மெக்கானிக் தம்பி செய்து கொடுத்தார். "சார், காலையில் ஸ்டார்ட் பண்ணா ஒரு சில விநாடி சத்தம் வரும், பயப்படாதீங்க. கொஞ்ச நாள் மெதுவா ஓட்டுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

நான் கேட்டால்தானே. அம்பாஸடர் ஓட்டிய காதுக்கு எந்தச் சத்தமும் சந்தேகம்தான். மூன்றாம் நாள் வண்டியை நிறுத்திய கையோடு டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஆயில் குறைவாகத் தெரிந்தது. "கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கும்" என்ற பழைய பாடம் நினைவுக்கு வர, வீட்டில் இருந்த 20டபிள்யூ-50 டப்பா ஒரு லிட்டரையும் ஊற்றிவிட்டேன்.

அடுத்த நாள் காலாப்பட்டு வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனோம். திரும்பி வரும்போது தையல் மெஷின் போலச் சத்தம். என் மனைவி "இதுக்குத்தான் அவ்வளவு பணமா?" என்றாள். அந்த வார்த்தை போதும். நேரே பட்டறைக்குப் போய், அவருடைய பையன்கள் முன்னால், "டூப்ளிகேட் சாமான் போட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நானும் நிற்காமல் வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கே பானெட்டைக்கூடத் திறக்காமல், எட்டு டேப்பட்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள்.

இங்கே இந்த டேப்பட் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பழைய வண்டிகளில் வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி விட்டு, ஃபீலர் கேஜ் வைத்து சரி செய்வார்கள். நாங்கள் படித்த பிரெஞ்சில் இந்த இடைவெளிக்கும் விளையாட்டுக்கும் ஒரே சொல்தான்: "ழெ". ஹைட்ராலிக் டேப்பட்டில் அந்த விளையாட்டே கிடையாது. உள்ளே ஒரு சிறு பிஸ்டன், அடியில் ஸ்பிரிங், ஒரு குண்டு வால்வு. இன்ஜின் ஆயில் உள்ளே புகுந்து நிரம்பும். கேம் அழுத்தும்போது குண்டு வழியை அடைத்துவிடும். உள்ளே சிக்கிய ஆயில் சுருங்காது, அதனால் அது இரும்பு மாதிரி நின்று வால்வைத் திறக்கும். இந்த யோசனையை முதல் உலகப் போருக்கு முன்பே லெ மான் நகரத்து அமேதே பொல்லே செய்து காட்டினார். 1930இல் கேடிலாக் பதினாறு சிலிண்டர் காரில் அது வந்தது.

ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். ஆயிலோடு காற்று உள்ளே போனால் டேப்பட் அமுங்கும், இடைவெளி விழும், தட்டும். பெரும்பாலும் விஷயம் இவ்வளவுதான்.

ஆகவே சத்தம் எப்போது வருகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் சில விநாடி வந்து நின்றால் அது நோய் அல்ல. இரவில் வடிந்த ஆயில் மறுபடி நிரம்பும் நேரம் அது. இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் மட்டும் வந்தால், ஆயில் பிரஷர் குறைவாக இருக்கலாம். கேஜ் மாட்டிப் பார்க்காமல் எதையும் கழற்றக் கூடாது. வேகமாக ஓட்டும்போது அதிகரித்தால், ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்தாலும் காற்று இழுக்கும், கூடினாலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும். எப்போதும் ஒரே இடத்தில் தட்டினால், நீண்ட ஸ்க்ரூடிரைவரை ஹெட்டில் வைத்துப் பிடியைக் காதருகே கொண்டு போய்க் கேளுங்கள் (ஓடும் பெல்ட், ஃபேன் பக்கம் கை போகக் கூடாது). அந்த ஒரு டேப்பட்டில் தூசி சிக்கியிருக்கும், அல்லது கேம் தேய்ந்திருக்கும். எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிந்தாலும் ஏறக்குறைய இதே சத்தம்தான் வரும். அதையும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் வெட்கத்தை விட்டு மறுபடி தம்பியின் பட்டறைக்கே போனேன். அவர் ஒன்றும் பேசாமல், பத்து நிமிடம் வண்டியை நிற்கவிட்டு, டிப்ஸ்டிக்கை எடுத்து என் முன் நீட்டினார். மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரத்துக்கு ஆயில், அதிலே நுரைக் குமிழ். நிறுத்தியவுடன் பார்த்தால் ஆயில் இன்னும் மேலேதான் இருக்கும், கீழே இறங்க நேரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கோபமும் சந்தேகமும் தெரிந்ததை மறைத்துவிட்டன.

எல்லா ஆயிலையும் இறக்கி, கையேட்டில் சொன்ன கிரேடை சரியான அளவுக்கு ஊற்றினார். ஃபில்டரும் புதிது. ஐடிலில் விடாமல் 2,000, 2,500 சுற்றில் சில நிமிடம் பிடித்தார். ஒவ்வொன்றாகத் தட்டல் நின்றது. டேப்பட் ஒன்றையும் மாற்றவில்லை.

வேலை கொடுக்கும்போதே நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. ரீபோர் தூள் ஆயில் வழிகளில் தங்காமல் பிரஷ் போட்டுக் கழுவினார்களா? பழைய டேப்பட்டைத் திரும்பப் போட்டால், அதே இடத்தில் போட்டார்களா? நிமிர்த்தி வைத்தார்களா? வால்வு, சீட் கிரைண்டிங் செய்தபின் வால்வுத் தண்டின் உயரத்தை அளந்தார்களா? முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றினார்களா? ஓட ஆரம்பித்து ஆயிரம் கிலோமீட்டருக்குள் முதல் ஆயிலை மாற்றிவிடுவதும் நல்லது.

சிறு வயதில் எங்கள் தெருவில் ஒரு பெழோ 203 நின்றது. இன்ஜின் வேலை செய்து வந்தபோது அதன் பின்னால் "ஆன் ரொதாழ்" என்று ஓர் அட்டை தொங்கும். பழக்கத்தில் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். பின்னால் வருகிறவனும் ஹாரன் அடிக்க மாட்டான். இன்றைக்கு அந்த அட்டையும் இல்லை, அந்தப் பொறுமையும் இல்லை.

முப்பத்தைந்து வருடம் ஃபைல் பார்த்தவன் நான். குறிப்பைப் படிக்காமல் யார் மேலும் மெமோ போட்டதில்லை. பட்டறையில் மட்டும் ஏன் படிக்காமல் தீர்ப்புச் சொன்னேன்? கையில் கிரீஸ் இருப்பவன் ஏமாற்றுவான் என்ற எண்ணம் நமக்குள் எங்கேயோ இருக்கிறது. அதுதான் மாற வேண்டிய சாமான்.

அந்தப் பையன்கள் முன்னாலேயே, "தப்பு என்னுடையது தம்பி, மன்னிச்சுக்கோ" என்றேன். "விடுங்க சார், இனிமே நீங்க ஆயில் ஊத்தாதீங்க, அது போதும்" என்றார். பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.