விருந்தோம்பலின் வெள்ளை விரிப்புகள்

சூரிச் ஏரிக்கரையிலுள்ள பவுர் ஓ லாக் விடுதியைப் பற்றி இசை அன்பர்கள் எழுதும்போதெல்லாம் 1856 அக்டோபர் 22 தவறாமல் வந்துவிடுகிறது. அன்று ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் 45ஆவது பிறந்தநாள். அவர் பியானோ வாசிக்க, ரிச்சர்ட் வாக்னர் தாமே ஆண் பாத்திரங்களின் பகுதிகளைப் பாட, ‘வால்கியூர்’ இசைநாடகத்தின் முதல் அங்கம் விருந்தினர்முன் ஒலித்தது. 1853 பிப்ரவரியில் ‘நிபெலுங்கின் மோதிரம்’ நாடகப் பனுவலை நான்கு மாலைகளில் அவர் வாசித்துக்காட்டியதும் இங்கேதான். 1849இன் டிரெஸ்டன் கிளர்ச்சியில் பங்கெடுத்ததால் சொந்த நாட்டில் கைது ஆணைக்குத் தப்பி வந்தவர் அவர் என்பதைப் பாராட்டுரைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கோ அதுவே முதன்மையானதாகப் படுகிறது.

ஆஸ்திரியாவிலிருந்து பிழைக்க வந்த ரொட்டிக்காரர் யோஹான்னஸ் பவுர் 1844இல் திறந்த விடுதி இது. கட்டடத்தின் முகத்தை ஊர்ப்பக்கம் வைக்காமல் ஏரிப்பக்கம் வைத்த துணிச்சல் அவருடையது. பெண்வழியில் வந்த கிராக்ட் குடும்பத்தின் கையில் அது இன்றும் இருக்கிறது. 1892இல் ஆல்ஃபிரட் நோபலின் விருந்தினராக பெர்தா ஃபொன் சுட்னர் தங்கினார். 1905இல் தாமஸ் மன் தேனிலவுக்கு வந்தார். (அமைதிப் பரிசே இங்குதான் பிறந்தது என்பார்கள். நோபலின் உயில் 1895இல்தான் எழுதப்பட்டது என்பதால் அதைச் சற்றுத் தள்ளியே வைக்கிறேன்.)

இந்த வரிசையில் விடுபடும் நாள் 2015 மே 27. விடியற்காலையில் சுவிஸ் காவலர்கள் இவ்விடுதியில் ஃபீஃபா அதிகாரிகளைக் கைது செய்தனர். பணியாளர்கள் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை விரித்துப் பிடித்து, அழைத்துச் செல்லப்பட்டவர்களை ஒளிப்படக்காரர்களின் கண்ணிலிருந்து மறைத்தார்கள். உலகம் சிரித்தது. ஆனால் ஒரு குடும்பம் தலைமுறைகளாகக் கைமாற்றி வந்த மரபு இதுவன்றி வேறென்ன? சரவிளக்கையும் பழந்தளவாடத்தையும் எந்தப் பெருநிறுவனமும் விலைக்கு வாங்கிவிடலாம். வந்தவரின் பின்கதையைக் கேளாதிருத்தல், வெளியார் கேட்டால் சொல்லாதிருத்தல் என்பது பழக்கத்தால் மட்டுமே வருவது. தேடப்பட்ட வாக்னருக்குப் பாட ஒரு கூடம் தந்ததும் அதுதான். ஊழல் குற்றச்சாட்டுக்கு ஆளானவர்களுக்குத் திரை பிடித்ததும் அதுதான். அறை வாடகை கொடுக்க இயலாத அகதிக்கு அந்தத் திரை என்றும் கிட்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஆகவே வாக்னரைப் போற்றும் வரலாறு இந்த விடியற்காலையையும் ஒரு பத்தியிலாவது ஏற்கவேண்டும் என்பது என் கட்சி. அந்த விரிப்புகளில் ஒன்றைச் சலவைக்கு அனுப்பாமல் எடுத்துவைத்திருந்தால் இன்னும் நன்று.