பேரில்லாத பஸ்

தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு முக்கில் போய் நின்றேன். உப்பளத்துக்குப் போற பெண்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குறவங்க, தெருக் கூட்டுறவங்க எல்லாரும் தோள் இடிக்கத்தான் பஸ் ஏறுகிறார்கள். ‘இங்க எங்கய்யா சாதி?’ என்று கேட்கும் முற்போக்குத் தோழர்களே, அந்த அரசு பஸ்ஸைப் பாருங்கள். ஒரு தலைவர் பேரும் அதில் இல்லை. ஏன்?

முன்பு இந்த வட்டாரத்துப் பஸ்களில் கட்டபொம்மன் பெயர் ஓடியது. யாருக்கும் வலிக்கல. 1997இல் அந்தக் கட்டபொம்மனின் தளபதி, கவர்னகிரி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை விருதுநகரில் தொடங்கிய புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு வைத்தது. ‘அந்தப் பேரு போட்ட பஸ்ஸுல ஏறமாட்டோம்’ என்று கலவரத்தில் இறங்கினார்கள் சாதி இந்துக்கள். அரசு என்ன செய்தது? கலவரக்காரர்களுக்குப் பணிந்து, மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் அத்தனையிலும் தலைவர் பெயர்களை நீக்கியது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமானது. எங்க பேரு ஏறினா எல்லாப் பேரையும் இறக்கிடுவாங்க. இதற்குப் பேர் சமத்துவமாம்!

2011இல் துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வந்தது. வரட்டும்; கப்பல் விட்டுச் சிறை போனவர். அவர் பிறந்த ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான் சுந்தரலிங்கம். அவர் பெயர் மட்டும் ஏன் பஸ்ஸுக்குத் திரும்பவில்லை?

நம் உழைப்பு ஏறலாம், டிக்கெட் காசு ஏறலாம், பேர் மட்டும் ஏறக்கூடாதா? முக்குக்கு முக்கு நின்று இதைக் கேட்போம்.